செட் திறக்கும், லைசென்ஸ் திறக்காது: புதிய ஹாம்கள் சறுக்கும் இடங்கள்

பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசுபவர் ஹாம். அதற்கான தேர்வு முடிவு வந்த அன்றே கையில் ஒரு சீன வாக்கிடாக்கி இருக்கும், வாய் துறுதுறுவென்று இருக்கும். முதல் தவறு அங்கேயே நடக்கிறது. தேறியதற்குக் கிடைப்பது இயக்கத் தெரிந்தவர் என்ற சான்று. நிலையம் நடத்தும் உரிமம் வேறு தாள். அது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவிலிருந்து உங்கள் கால் சைனோடு (உங்களுக்கென ஒதுக்கும் அடையாளப் பெயர்) வந்த பிறகுதான், அமுக்கிப் பேசும் பிடிடி பட்டனைத் தொடலாம். அதுவரை நண்பரின் கால் சைனைக் கடன் வாங்கிப் பேசுவதும் கூடாது. கேட்டுப் பழகுங்கள், அதுவே பெரிய படிப்பு.

சரி, உரிமம் வந்துவிட்டது. அடுத்த ஆபத்து அந்த வாக்கிடாக்கியே. பாவோஃபெங் யூவி-5ஆர் போன்ற செட்டுகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும், 400-க்கு மேலே இன்னொரு பெரிய துண்டிலும் தாராளமாக ஒலிபரப்பும். அந்த இரண்டு துண்டுகளிலும் இந்திய ஹாமுக்குச் சொந்தம் 144–146, 434–438 மட்டுமே. கூட்டினால் ஆறு மெகாஹெர்ட்ஸ். மற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசல். உதாரணத்துக்கு 156.800 மெகாஹெர்ட்ஸ், கடல்துறையின் சேனல் 16. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன படகு உதவிக்குக் கூப்பிடும் இடம் அது. 'சும்மா டெஸ்ட் பண்ணினேன்' என்று அங்கே சொல்ல முடியாது.

இணையத்தில் கிடைக்கும் பேண்ட் (அலைவரிசைத் துண்டு) அட்டவணைகளில் பெரும்பாலானவை அமெரிக்கர்களுக்காகப் போட்டவை. அங்கே 144-இல் தொடங்கும் 2 மீட்டர் பேண்ட் 148 வரை நீளும். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் 146.520 நமக்கு எல்லைக்கு வெளியே. 7 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 40 மீட்டர் பேண்டில் கதை இன்னும் சுவாரஸ்யம். அவர்களுக்கு 7.000 முதல் 7.300 வரை, நமக்கு 7.200 வரை. முன்பு நமக்கு 7.100-ஓடு சரி. 2009 மார்ச் இறுதியில் 7.100–7.200-இலிருந்து சிற்றலை வானொலிகள் விலகிக்கொண்ட பிறகுதான் மேல்பாதி கிடைத்தது. அதனால் பழைய வழிகாட்டி வைத்திருப்பவர் தேவையில்லாமல் 7.100-இல் நின்றுவிடுவார், அமெரிக்க அட்டவணைக்காரர் 7.250-இல் போய் வானொலி நிலையத்தோடு மோதுவார். 7.230-இல் ஓர் அமெரிக்கக் குரல் தெளிவாகக் கேட்டால் பதில் சொல்லக் கை பரபரக்கும். கேட்கலாம், பேசக்கூடாது.

அனுபவசாலிகளும் சறுக்குவது டயலில். செட் காட்டும் எண் உங்கள் அலையின் ஒரு முனைதான், அல்லது நடுப்புள்ளி. எஸ்எஸ்பி (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) குரல் ஏறக்குறைய 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் பிடிக்கும். 14 மெகாஹெர்ட்ஸில் யூஎஸ்பி, அதாவது மேல்பக்க அலை, போடுவதால் குரல் டயலுக்கு மேலே விரிகிறது. பேண்ட் 14.350-இல் முடிகிறது. டயலில் 14.349 வைத்துப் பேசினால் குரலின் பெரும்பகுதி 14.352 வரை வெளியே போய் நிற்கும். டயலோ 'உள்ளேதான் இருக்கிறாய்' என்று சிரிக்கும். 14.346-க்கு மேல் நான் போவதில்லை. எஃப்எம் இருபுறமும் விரியும், மொத்தம் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ். ஆகவே 145.995 கூடத் தவறுதான். வீட்டில் கட்டிய செட் என்றால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட்டை ஆசையாய்க் கட்டி முடித்த கையோடு விளிம்பில் போய் நிற்காதீர்கள். அலைவரிசையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் சூடானதும் நகரும், நீங்களும் கூடவே நகர்வீர்கள்.

வாட் கணக்கிலும் கவனம் வேண்டும். கீழ்நிலையான ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு 50, மேல்நிலையான ஜெனரலுக்கு 400 வரை என்பது ஹாம்கள் சொல்லும் பொதுக்கணக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண எச்எஃப் (சிற்றலை) செட்டே 100 வாட் தரும். வியூ3 என்று தொடங்கும் கால் சைன் வைத்திருக்கும் ரெஸ்ட்ரிக்டட்காரர் அதை முழுக்கத் திருப்பி வைக்கலாமா என்றால், கூடாது. பேண்டுக்கு பேண்ட் வரம்பும், எந்த வகை ஒலிபரப்புக்கு அனுமதி என்பதும் உரிமத்தோடு வரும் அட்டவணையில் இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து மேஜைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், சட்டம் தடுக்காத தவறுகள். 7.074, 14.074 சுற்றுவட்டாரம் எஃப்டி8 என்ற, கணினிகள் செய்தி பரிமாறும் முறையின் சத்தத்துக்கு என்று உலகம் முழுக்கப் பழகிவிட்டது. அங்கே குரலில் சிக்யூ (யாராவது இருக்கிறீர்களா என்ற பொது அழைப்பு) போட்டால் வழக்கு வராது, வசவு வரும். அதைவிட மோசம் 14.100. காலியாக இருக்கிறதே என்று பலர் உட்காரும் இடம். உண்மையில் உலகெங்கும் உள்ள 18 பீக்கன்கள் (தானாகவே சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) ஆளுக்கு 10 நொடி என்று மூன்று நிமிடச் சுற்றில் மாறிமாறி மோர்ஸில் பேரைச் சொல்லும் அலைவரிசை அது. பேரைச் சொன்னபின் நான்கு நீண்ட ஒலிகள்: 100 வாட், 10, 1, கடைசியாக 0.1. எந்த வாட் வரை கேட்கிறது என்று பார்த்து, அந்தத் திசைக்குப் பேண்ட் திறந்திருக்கிறதா, அதாவது அலை போய்ச் சேருமா என்று கண்டுபிடித்துவிடலாம். இலங்கையின் 4எஸ்7பி அந்த வரிசையில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், ஜப்பான் பீக்கன் கணீரென்று கேட்கும் நாளிலும் பக்கத்து இலங்கை கேட்காமல் போகலாம். அயனமண்டலத்தில் மோதித் திரும்பும் அலை நம் தலைக்கு மேலே தாவி அப்பால் இறங்கிவிடும்.