காய்ச்சினால் மட்டும் போதுமா? வீட்டில் பாலைக் கையாளும் முறை

"அதான் காய்ச்சியாச்சே, அப்புறம் என்ன?" வெளியே மறந்து வைத்த பாலைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலான வீடுகளில் வரும் பதில் இது. எனக்கு அதைக் கேட்டாலே பயம்.

2000-ம் ஆண்டு ஜூன் மாதம், ஜப்பானின் ஒசாகா பகுதியில் ஸ்னோ பிராண்டு நிறுவனத்தின் கொழுப்பு குறைந்த பாலைக் குடித்தவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 13,000-க்கும் அதிகம். தேடிப் போனதில், ஹொக்கைடோ தீவின் தைகி ஆலையில் மார்ச் 31 அன்று ஏறக்குறைய மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது தெரியவந்தது. வெதுவெதுப்பாகக் கிடந்த பாலில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைச் சுரந்திருந்தது. பிறகு சூடாக்கியதில் பாக்டீரியா செத்தது; நஞ்சு அப்படியே பால் பவுடரில் தங்கிவிட்டது. அந்தப் பவுடரைச் சேர்த்துத்தான் ஒசாகாவில் அந்தப் பாலைத் தயாரித்திருந்தார்கள். அதனால் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் செய்வதுதான் முக்கியம்.

படி 1: வாங்குவது. பாக்கெட் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். உப்பியிருந்தால் வேண்டாம். கறந்த பால் என்றால், வெந்நீரில் கழுவிக் காயவைத்த தூக்கில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் ஏற்றுங்கள்.

படி 2: காய்ச்சுவது. பொங்கி வந்ததும் அணைத்துவிடாமல், தீயைக் குறைத்து அடிவரை கிளறியபடி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.

படி 3: ஆறவைப்பது. கோட்டை விடும் இடம் இதுதான். காலையில் காய்ச்சிய பால் மதியம் வரை அடுப்பு மேடையிலேயே இருக்கும். மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும், பாத்திரம் இளஞ்சூடாக இருக்கும். பாக்டீரியாவுக்கு அதைவிட வசதி வேறில்லை. கொதிக்கும்போது சாகாத சில பாக்டீரியாக்களின் வித்துகளும் அந்தச் சூட்டில் முளைக்கும். அகலமான பேசினில் தண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை அதில் இறக்கி, சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கிளறுங்கள். தண்ணீர் சூடேறினால் மாற்றுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில் அல்லாமல் உள்தட்டில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வேண்டாம். கோடையில் ஒரு மணி நேரம்தான். பழைய பாலில் புதுப் பாலைக் கலக்காதீர்கள்.

இன்னொன்று: பாலாடையை விரலால் எடுக்காதீர்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா நம் மூக்கிலும் தோலிலும் கைப்புண்ணிலும் இருப்பதுதான்.

படி 4: கரண்ட் போனால். ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போய், பாலும் குளிர்ச்சி விட்டிருந்தால் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நஞ்சுக்கு வாசனையும் ருசியும் கிடையாது.

படி 5: யாருக்காவது முடியாமல் போனால். குடித்த அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கலாம். ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான். மிச்சப் பாலைக் கொட்டாமல் மூடி, 'குடிக்காதே' என்று எழுதி ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். பரிசோதனைக்குக் கேட்டால் அதுதான் உதவும்.