பேய் வரும்போது படம் திக்கக் கூடாது: விஆர் திகில் விளையாட்டுக்கு கிராபிக்ஸ் அமைக்கும் முறை

போன சாரலுக்கு என் மாமா மகன் புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு வந்திருந்தான். ஆசையாக விஆர் ஹெட்செட்டை (கண்ணை மூடி மாட்டினால் மெய்நிகர் உலகுக்குள் நிற்பதுபோலக் காட்டும் கருவி) மாட்டிக்கொண்டு பேய் பங்களாவுக்குள் நுழைந்தவன், ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டான். “அண்ணே, தலை சுத்துது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்றான். பயந்ததால் வந்த மயக்கம் இல்லை அது. எல்லா அமைப்புகளையும் நான் உச்சத்தில் வைத்திருந்ததால் படம் திக்கித் திக்கி ஓடியிருக்கிறது. தலை திரும்பியதை உள்காது உடனே உணர்கிறது, கண் பார்க்கும் படமோ பின்தங்கி வருகிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். திகில் விளையாட்டில் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் வெடுக்கென்று திரும்புவோம் என்பதால் இது இன்னும் மோசமாகத் தாக்கும்.

கணினியோடு இணைத்து ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மெட்டா குவெஸ்ட் 2, ஒரு கேமிங் லேப்டாப், கணினியில் விஆர் விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருள். வேறு ஹெட்செட் என்றாலும் வரிசை இதுதான்.

படி 1: அமைப்பைத் தொடும் முன்

லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடினால் கிராபிக்ஸ் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் சாரல் காற்றில் கரண்ட் போய் வரும். படம் திடீரென்று இழுத்தால் முதலில் பிளக்கைப் பாருங்கள். விண்டோஸ் பவர் அமைப்பை உச்ச செயல்திறனுக்கு மாற்றுங்கள், பிரவுசரை மூடுங்கள். சித்திரை வெயிலில் லேப்டாப்பின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி வைத்து ஃபேனைப் போடுங்கள். சூடு ஏறினாலும் சிப் வேகத்தைக் குறைத்துவிடும்.

வைஃபை வழியாக ஆடினால் ரூட்டருக்கும் கணினிக்கும் இடையே கேபிள் வேண்டும். ஹெட்செட் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ரூட்டர் இருக்கும் அறையிலேயே இருக்க வேண்டும்.

படி 2: ரெஃப்ரெஷ் ரேட்

திரை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒவ்வொரு படத்தையும் வரைய 11.1 மில்லிநொடி கிடைக்கும். 120 என்றால் 8.3 மட்டுமே. 72 என்றால் 13.9. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் படம் தயாராக வேண்டும். கணினி சுமாரானது என்றால் தயங்காமல் 72-ல் தொடங்குங்கள். 90-ஐ எட்டாமல் தடுமாறும் படத்தைவிட, 72-ல் நிலையாக ஓடும் படம் எவ்வளவோ மேல்.

நேரத்துக்குள் படம் வரவில்லை என்றால், மென்பொருள் இடையில் கற்பனைப் படங்களைச் செருகி ஒப்பேற்றும். ஸ்டீம்விஆரில் அதற்கு மோஷன் ஸ்மூத்திங் என்று பெயர். சோதிக்கும்போது அதை அணைத்து வையுங்கள். டார்ச் பிடித்த கையை வேகமாக ஆட்டினால் விளிம்புகள் தண்ணீரில் தெரிவதுபோல நெளிவது அந்தச் செருகல் படங்களால்தான்.

படி 3: ரெசல்யூஷன்

அதிக பலன் கிடைக்கும் இடம் இது. ஸ்டீம்விஆர் செட்டிங்ஸில் வீடியோ பகுதிக்குப் போய், ரெண்டர் ரெசல்யூஷனை (எத்தனை புள்ளிகளில் படம் வரைய வேண்டும் என்பதை) ஆட்டோவிலிருந்து கஸ்டமுக்கு மாற்றி 70 சதவீதத்தில் வையுங்கள். பயந்துவிட வேண்டாம். அது மொத்தப் புள்ளிகளின் கணக்கு. அகலமும் உயரமும் ஏறத்தாழ 16 சதவீதம்தான் குறையும். இருட்டு அறைக்குள் அந்த வித்தியாசத்தைக் கண் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

படி 4: எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது

பல வழிகாட்டிகள் முதலில் நிழலை அணைக்கச் சொல்லும். மற்ற விளையாட்டுகளுக்கு அது சரி. திகிலுக்குச் சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக்குப் போகும் ரயில் குகைக்குள் நுழையும்போது கவனித்திருக்கிறீர்களா? வெறும் இருட்டு நம்மை ஒன்றும் செய்வதில்லை. பெட்டி வெளிச்சம் பாறைச் சுவரில் விழுந்து, அதில் நம் நிழல் கூடவே ஓடி வருகிறதே, அப்போதுதான் சிலிர்க்கிறது. விளையாட்டிலும் டார்ச் ஒளியில் நாற்காலியின் நிழல் நகர்வதுதான் பாதி பயம். அதனால் நிழலை நடுத்தரத்தில் வையுங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம்.

அந்தச் செலவை வேறு இடத்தில் ஈடுகட்டலாம். வால்யூமெட்ரிக் பனிமூட்டத்தை (ஒளி ஊடுருவிப் பரவும் புகைமூட்டம்) குறைந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். சிப்பை அதிகம் தின்பவற்றில் அதுவும் ஒன்று. தரையிலும் கண்ணாடியிலும் விழும் பிரதிபலிப்பையும் குறையுங்கள். மோஷன் ப்ளர் (அசைவில் மங்கல்), ஃபிலிம் கிரெயின் (புள்ளிப்புள்ளி இரைச்சல்), டெப்த் ஆஃப் ஃபீல்டு (தூரத்தைப் பொறுத்த மங்கல்) மூன்றையும் முழுதாக அணையுங்கள். வேகத்துக்காக மட்டும் சொல்லவில்லை, விஆரில் அவை கண்ணையே களைப்பாக்கும். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரம் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தைப் பொறுத்தது. இடம் இருந்தால் உயர்வாகவே விடலாம், நிரம்பி வழிந்தால்தான் திக்கும். படிக்கட்டுபோல் தெரியும் விளிம்புகளை மென்மையாக்கும் ஆன்டி அலியாசிங்கில் எம்எஸ்ஏஏ என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிஏஏ என்ற முறை விஆரில் படத்தை மங்கலாக்கும்.

அப்புறம், பிரைட்னஸ். குவெஸ்ட் 2-ன் எல்சிடி திரையில் கறுப்பு சற்றுச் சாம்பலாகத்தான் தெரியும். ஒன்றும் தெரியவில்லை என்று காமாவை (இருண்ட பகுதிகளின் வெளிச்ச அளவை) ஏற்றினால் மிச்சமிருக்கும் இருட்டும் வெளுத்துவிடும். அறை விளக்கை அணைத்து, மூக்கோரம் வெளிச்சம் கசியாமல் ஹெட்செட்டைச் சரியாகப் பொருத்துங்கள். அதுவே போதும்.

படி 5: சரியான இடத்தில் சோதனை

மெனுவில் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். புகையும் டார்ச் ஒளியும் சேர்ந்த நீளமான நடைபாதைக்குப் போய், ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஸ்டீம்விஆரின் பிரேம் டைமிங் வரைபடத்தைப் பாருங்கள். 90-ல் ஆடினால் அமைதியான நேரத்தில் 9 மில்லிநொடிக்குள் இருக்கட்டும். கதவை உடைத்துக்கொண்டு ஏதாவது வரும் நொடியில்தான் வேலை திடீரென்று கூடும், அதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். புதிய இடத்தில் முதல் தடவை மட்டும் திக்கினால் ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) தயாராவதாக இருக்கலாம். இரண்டாம் முறை நடந்து பார்த்து முடிவெடுங்கள்.

ரெசல்யூஷனை இறக்கியும் நேரம் மாறவில்லையா? சிக்கல் பெரும்பாலும் பிராசஸரில். பொருள்கள் தெரியும் தூரத்தையும் பிசிக்ஸ் (பொருள்கள் விழுவது, மோதுவது போன்ற கணக்கு) அளவையும் குறையுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள்.

படி 6: உடம்புக்கும் ஓர் அமைப்பு

விளையாட்டுக்குள் சட்டென்று குறிப்பிட்ட கோணம் திரும்பும் ஸ்னாப் டர்னும் நகரும்போது ஓரத்தை இருட்டாக்கும் விக்னெட்டும் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் 15 நிமிடம் போதும். குமட்டல் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுக்க வீணாகிவிடும். இதய நோயோ வலிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம்.

சாரல் நாட்களில் லென்ஸில் ஆவி படியும். ஹெட்செட்டை நெற்றியில் ஏற்றிச் சில நிமிடம் வைத்திருந்தால் உடல் சூட்டில் தெளிந்துவிடும். மிச்சத்தை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும். ஈரம் காயட்டும் என்று வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சூரிய ஒளி லென்ஸ் வழியே குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

மாமா மகன் பிறகு வந்தபோது 72 ஹெர்ட்ஸ், 70 சதவீதம், நிழல் நடுத்தரம், பனி குறைவு என்று வைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் ஆடினான். கடைசியில் அலறிக்கொண்டுதான் கழற்றினான், ஆனால் தலை சுற்றவில்லை.