வடசென்னையில் நட்சத்திரம் பார்க்க: எங்கே போவது, எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது

வடசென்னையில் வானம் பார்க்க இடம் கேட்டால் எல்லாரும் சொல்கிற முதல் பதில் பழவேற்காடு. தப்பில்லை, ஆனால் அது பாதிப் பதில்தான். நம்ம ஏரியாவில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட, போன இடத்தில் வெளிச்சம் நமக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கிழக்கே முழுக்கக் கடல், அங்கே தெருவிளக்கு போட யாரும் வரமாட்டார்கள். மற்ற மூன்று பக்கமும் மோசம்: தெற்கே ஊர், மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, வடக்கே அனல்மின் நிலையமும் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பெட்ரோல் செலவழிக்காமலேயே பாதி வானத்தைப் பார்த்துவிடலாம்.

இணையத்தில் ஒளிமாசு வரைபடங்கள் கிடைக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள். அவை செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தை வைத்துச் செய்தவை. நிறைய வரைபடங்களுக்கு அடிப்படையான, செயற்கைக்கோளில் இருக்கிற விர்ஸ் (VIIRS) என்கிற படக்கருவி, நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் போகும்போது கீழே தெரிகிற வெளிச்சத்தைப் பதிவு செய்கிறது. நீல ஒளி அந்தக் கருவிக்குச் சரியாகத் தெரியாது, அதனால் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டிய தெரு, வரைபடத்தில் முன்பைவிட இருட்டாகிவிட்ட மாதிரிகூட இருக்கும். நேரில் நேர்மாறு: நீல வெளிச்சம்தான் காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. ஒரு புள்ளி எவ்வளவு இருட்டு என்று வரைபடம் சொல்லும், அங்கே நின்றால் எந்தத் திசை வெளுத்திருக்கும் என்று சொல்லாது. அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

போவது என்றால் முதலில் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. ஹைமாஸ்ட் கம்பம் எங்கே நிற்கிறது, வண்டியை எங்கே விடலாம், மணலில் முள்ளோ கண்ணாடியோ கிடக்கிறதா, நாய்க் கூட்டம் எவ்வளவு பெரிது, எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இருட்டினதும் அங்கேயே அரை மணி நேரம் இருந்து ஒரு சோதனை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை என்றால் கார்த்திகையைத் தேடுங்கள். தண்டையார்பேட்டைத் தெருவில் நின்று பார்த்தால் வெறும் புகை மாதிரி இருக்கும், அதில் ஆறு நட்சத்திரம் தனித்தனியாக எண்ண முடிந்தால் நல்ல இடம். மார்ச்சுக்கு அப்புறம் என்றால் சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரமான வசிஷ்டரைப் பாருங்கள், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு அருந்ததி தெரிய வேண்டும். கல்யாணத்தில் பட்டப்பகலில் மேலே கைகாட்டி, தெரிகிறதா என்று ஐயர் கேட்டால் தலையாட்டிவிட்டு வந்தவர்கள்தான் நாம் எல்லாரும், இப்போதாவது நிஜமாகப் பார்த்துக்கொள்ளலாம். அது நாலாம் பிரகாச அளவில் (எண் கூடக் கூட மங்கல்) இருக்கிற நட்சத்திரம், ஊருக்குள் வெறும் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

நாள் பார்ப்பதற்குத் தினசரி காலண்டரே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவ்வளவு சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தேய்பிறை அஷ்டமிக்கு நிலா எழவே நடுராத்திரி ஆகிவிடும், அதனால் அன்றைக்கு முன்னிரவு முழுக்க நமக்குத்தான். வளர்பிறை அஷ்டமிக்கு இது அப்படியே தலைகீழ், நடுராத்திரி வாக்கில் நிலா அடங்கிவிடும், விடியற்காலை இருட்டு மிச்சம். அலாரம் வைத்து எழுந்திருக்கத் தயார் என்றால் மாதத்தில் பாதி நாள் ஏதோ ஒரு நேரம் கிடைக்கும்.

மாதம் என்று பார்த்தால் பிப்ரவரி, மார்ச். ஜனவரியும் பரவாயில்லை, ஆனால் போகி ஒட்டிய நாட்களில் டயர் புகை, விடியற்காலையில் பனிமூட்டம். ஏப்ரல், மே மாதங்களில் கடல் ஈரம் ஏறி அடிவானம் பாலாக இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதில் திட்டம் போட்டுப் போவது வீண். ஆனால் எந்த மாதமானாலும் சரி, நல்ல மழை பெய்து தூசியைக் கழுவிவிட்டு மேகம் விலகுகிற ராத்திரி கிடைத்தால் விடாதீர்கள், அன்றைக்கு மொட்டை மாடியே போதும்.

மொட்டை மாடியை யாரும் மதிப்பதில்லை. வியாழன், சனி, நிலா, சர்வதேச விண்வெளி நிலையம், இதற்கெல்லாம் ஊரைத் தாண்டவே வேண்டாம். தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாமல் இருந்தால் சரி. சின்டெக்ஸ் டேங்க் நிழலில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால், அடிவானத்திலிருந்து 24 டிகிரி உயரத்தில் அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி அகலம் சுமார் 10 டிகிரி, ஆக இரண்டரை முஷ்டிக்குக் கொஞ்சம் கீழே. வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அது, லண்டன்காரர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, நமக்கு ராயபுரம் மாடியிலிருந்தே தெரியும்.

அடுத்தது திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையிலான கரை. மெட்ரோவில் விம்கோ நகர் வரை போகலாம், வண்டியில் என்றால் எண்ணூர் விரைவுச்சாலை. கடல் அரிப்புக்காகக் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். சாலை விளக்கும் கண்டெய்னர் லாரிகளின் ஹெட்லைட்டும் முதுகுக்குப் பின்னால் வரும்படி, கல் சுவருக்குக் கடல் பக்கம் மணல் இருக்கிற இடமாகப் பார்த்து, கிழக்கே திரும்பி உட்கார்ந்தால் ஊருக்குள் தெரியாத நிறைய நட்சத்திரங்கள் தெரியும். தூண்டில் வளைவின் நுனிக்கு நடந்து போகிற ஆசை எல்லாருக்கும் வரும், ராத்திரியில் வேண்டாம். பாசி பிடித்த கல், நடுவில் இடுக்கு, கால் மாட்டினால் கதை முடிந்தது. தூரத்தில் வரிசையாக விளக்கு தெரிந்தால் அவை துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கப்பல்கள், அடிவானத்தை மட்டும்தான் கெடுக்கும், மேலே ஒன்றும் செய்யாது.

எண்ணூர் முகத்துவாரம் பகலில் அழகு, ராத்திரியில் ஏமாற்றம்தான். வடக்கே அனல்மின் நிலைய விளக்கு அப்படியே கண்ணில் அடிக்கும். துருவ நட்சத்திரம் நமக்கு 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், அதாவது ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, சரியாக அந்த வெளிச்சத்துக்கு மேலேதான் அதைத் தேட வேண்டும். காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகக் காவல் அதிகம், ராத்திரியில் கேமரா ஸ்டாண்டோடு நின்றால் கேள்வி மேல் கேள்வி வரும். விட்டுவிடுங்கள்.

இப்போது பழவேற்காடு. பொன்னேரி வரை புறநகர் ரயில் உண்டு, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர், ஆனால் ராத்திரி திரும்புவதற்குச் சொந்த வண்டி இல்லாமல் முடியாது. கடைத்தெருப் பக்கம் ஏரிக்கரையில் நிற்காதீர்கள், அங்கே விளக்கு உண்டு. பாலம் தாண்டிக் கடல் பக்கம், லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அந்தண்டை இருக்கிற மணல்தான் நமக்கு வேண்டியது. கலங்கரை விளக்கம் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன திசைக் கணக்கு வேலை செய்கிறது. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் நமக்குக் கிடைக்கிற பெரிய வரம் தெற்கு வானம். 1867இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்கிற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது நம் ஊரில் உச்சிக்கு வரும்போதுகூடத் தெற்கு அடிவானத்திலிருந்து 14 டிகிரிதான். இன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் நின்று அந்த உயரத்தில் என்ன தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, இருட்டுக்காகப் பழவேற்காடு போகிறோம், போனால் என்ன ஆகிறது? காட்டுப்பள்ளி, எண்ணூர், சென்னை மூன்றும் வரிசையாக நமக்குத் தெற்கே வந்துவிடுகின்றன. நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கிற தெற்குச் சிலுவை உச்சிக்கு வரும் இடம் சரியாக அந்த வெளிச்சத்துக்கு மேலே, வெறும் 17 டிகிரி உயரத்தில். ஆசைப்பட்டது எதுவோ அது மட்டும் மங்கல்.

வழி இருக்கிறது. சிலுவை உச்சிக்கு வரும் வரை காத்திருக்காமல், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே பாருங்கள். அப்போது அது நேர் தெற்கிலிருந்து கிழக்கே ஒதுங்கி, கடலுக்கு மேலே, 12 டிகிரி உயரத்தில் லேசாகச் சாய்ந்து நிற்கும். மார்ச் கடைசி வாரத்தில் என்றால் ராத்திரி பத்து மணி சுமார். அடிவானம் சுத்தமாக இருக்கிற நாளில்தான் இது நடக்கும், ஈரம் அதிகமான நாளில் நாலில் இரண்டுதான் தெரியும்.

பால்வீதிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அதன் மையப்பகுதி கிழக்கும் தென்கிழக்குமான பக்கத்தில், நேராகக் கடலிலிருந்தே எழுகிறது. மார்ச் நடுவில் ராத்திரி ஒரு மணிக்கு எழ ஆரம்பித்து, மூன்றரை, நாலு மணிக்கு நன்றாக மேலே வந்துவிடும். கேட்டையின் சிவப்பைக் கண்டுபிடித்து, விருச்சிகத்தின் வால் கொடுக்கு வரை கண்ணை இறக்கிக்கொண்டு வந்து, அங்கிருந்து இடப்பக்கம் பாருங்கள். பழவேற்காட்டுக்கு ஒருமுறைதான் போக முடியும் என்றால் இந்த நேரத்துக்குப் போங்கள் என்பேன். முன்னிரவில் போய் ஓரியனைப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்புவதற்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

கண் இருட்டுக்குப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும், ஒரே ஒரு வாட்ஸாப் மெசேஜ் அதைக் கலைத்துவிடும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். கூட வருகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எப்போதும் யாராவது ஒருவர் செருப்பைத் தேட ஃபோன் டார்ச்சைப் போடுவார்.

இருட்டான நாள்தான் ஓதம் பெரிதாக வருகிற நாளும் என்பதை மறக்காதீர்கள். அமாவாசைக்குச் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம் இழுப்பதால் தண்ணீர் மற்ற நாளைவிட மேலே ஏறும். சிப்பியும் குப்பையும் கோடாக ஒதுங்கியிருக்கும் பாருங்கள், அந்தக் கோட்டுக்கு மேலே பாய் போடுங்கள். குளிக்க இறங்காதீர்கள். பழவேற்காட்டில் படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது இங்கேதான்.

எந்தக் குப்பமானாலும் முதலில் அங்கே இருக்கிற பெரியவர் ஒருவரிடம், "நட்சத்திரம் பார்க்க வந்திருக்கோம் அண்ணே, இங்க உக்காரலாமா" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் எங்கே மணல் சரியும், எங்கே குடித்துவிட்டு உட்காருவார்கள் என்று அவர்களே சொல்வார்கள். காய வைத்த வலையை மிதிக்காதீர்கள், கரையில் கிடக்கிற படகில் ஏறி உட்காராதீர்கள். ரோந்து போலீஸ் வந்தால் அடையாள அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னால் போதும், கிளம்பச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம், பெண்கள் வருவதாக இருந்தால் குறைந்தது இரண்டு குடும்பமாகப் போவது நல்லது.

பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, 7x50 அல்லது 10x50. டெலஸ்கோப்பைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போக நான் சொல்லமாட்டேன், உப்புக்காற்று கண்ணாடியைத் தின்றுவிடும். பைனாகுலரையும் வீட்டுக்கு வந்ததும் துணியால் தேய்த்துவிடாதீர்கள், உப்பும் மணலும் கீறல் போட்டுவிடும். முதலில் ஊதுகுழல் பம்ப்பால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள்.

விடியற்காலையில் திரும்பும்போது எண்ணூர் விரைவுச்சாலை வழியாக வராதீர்கள். ஓரத்தில் கண்டெய்னர் லாரிகள் பின்விளக்கு இல்லாமல் நிற்கும், உங்கள் கண்ணோ தூக்கத்தில் இருக்கும். பொன்னேரியில் டீக்கடை திறந்திருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஜிஎன்டி சாலையைப் பிடித்துச் செங்குன்றம் வழியாக வாருங்கள். கொஞ்சம் சுற்றுதான், இருந்தாலும் அதுதான் சரி.