சேலத்திலிருந்து எழுதுபவர் இணையத்தில் வாசகரைச் சேர்ப்பது எப்படி?

தனித்து இயங்கும் எழுத்தாளர் ஒருவர் தம் வலைப்பூவுக்கு வாசகர் வரவேண்டும் என்று விரும்பினால், எந்தக் கேள்விக்குத் தம்மால் பிறரைவிடச் சரியாக விடை சொல்ல முடியும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். அரசியல், திரைப்படம், உடல்நலம் ஆகியவற்றில் பெரிய நாளிதழ்களின் தளங்கள் நாள் முழுவதும் செய்தி வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன. தனி ஒருவர் அவற்றை முந்திக்கொண்டு தேடல் முடிவுகளில் மேலே வருவது அரிது. ஆனால், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எப்படி உருவாகிறது, ஏற்காட்டில் காபி எப்போது பூக்கும், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஜவ்வரிசியாவதற்குள் அதற்கு என்னென்ன நேர்கிறது என்று தேடுபவருக்குத் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட சில வரிகளே. சேலத்தில் வாழ்ந்துகொண்டு எழுதுபவருக்கு இந்த வெற்றிடம் பெரிய வாய்ப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

வாசகரின் கேள்வியைக் கண்டறிதல்

கொலுசையே எடுத்துக்கொள்வோம். "சேலத்தின் பெருமை கொலுசு" என்று தலைப்பிட்டு, இந்தியா முழுவதும் இங்கிருந்து கொலுசு செல்கிறது என்று தொடங்கும் கட்டுரையை ஊர்க்காரர்கள் பெருமையோடு பகிர்வார்கள். அத்துடன் அதன் ஆயுள் முடிந்துவிடும். கொலுசைப் பற்றி உண்மையிலேயே தேடுகிறவர் கேட்பது வேறு. இந்தக் கொலுசு எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை அளவு), செய்கூலியும் சேதாரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன, பழைய கொலுசைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள், பட்டறையில் நேரடியாக வாங்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒரே கட்டுரையில் எல்லாவற்றையும் அடைத்தால் எந்தக் கேள்விக்கும் அது முதன்மையான விடையாக அமையாது.

இத்தகைய கேள்விகளைத் திரட்ட இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கூகுளின் தேடல் பெட்டியில் "ஏற்காடு" என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு, அடுத்து அ, ஆ, இ, க, ச என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்ப்பது. கீழே விரியும் பரிந்துரைகள், மக்கள் வழக்கமாகத் தேடும் சொற்களை ஒட்டியே வருபவை. பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவதால், அதே சோதனையை அப்படியும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். இரண்டாவது வழி இன்னும் நல்லது: சம்பந்தப்பட்ட இடத்தில் போய் அமர்ந்து, அங்கு வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனிப்பது. வெள்ளிக் கடையில் அரை நாள் இருந்தாலும், மொத்த வணிகச் சந்தையான லீ பஜாரில் ஒரு காலைப் பொழுது நின்றாலும், எந்தக் கருவியும் காட்டாத கேள்விகள் கிடைக்கும்.

கேள்வி கிடைத்த பின், விடையைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். காபிப் பூவைப் பற்றிய கட்டுரை ஒன்று, "ஏழைகளின் ஊட்டி என அழைக்கப்படும் ஏற்காடு, சேர்வராயன் மலையில் இயற்கை எழில் கொஞ்சும் இடமாகும்" என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். தேடி வந்தவர் இதைப் பலமுறை படித்திருப்பார். இரண்டாம் வரிக்குப் போகமாட்டார். அதற்குப் பதிலாக, "ஏற்காட்டில் காபி பூப்பதற்கு இன்ன தேதி என்று கிடையாது, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நல்ல மழை ஒன்று பெய்த பிறகு ஏறக்குறைய எட்டு, பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும், மூன்று நான்கு நாட்களில் வாடிவிடும், ஆகவே மழைச் செய்தியைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள்" என்று தொடங்கினால், வந்தவருக்கு வேண்டியது உடனே கிடைத்துவிடுகிறது. விடை கிடைத்துவிட்டதால் அவர் போய்விடுவார் என்று அஞ்ச வேண்டியதில்லை. சரியான விடை சொன்னவரிடம் அடுத்த கேள்வியையும் கேட்கத் தோன்றும். மல்லிகை போன்ற அந்த மணம் எவ்வளவு தொலைவு வரும், தோட்டத்துக்குள் யாரிடம் கேட்டு நுழைய வேண்டும், பழம் பறிப்பு நவம்பரில்தானே தொடங்குகிறது என்று அவர் தொடர்ந்து படிப்பார்.

தேடுபொறியின் கண்ணில் படும்படி அமைத்தல்

தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அறியாமலேயே வாசகரை இழக்கும் இடம் இது என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அச்சு இதழ்களுக்காக டி.டி.பி. நிலையங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கட்டுரைகள் பலரிடம் இருக்கின்றன. அவற்றை அப்படியே இணையத்தில் ஒட்டினால், தேடுபொறிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வெளியிட வேண்டும். மாற்றிய பின்னும் ஒருமுறை வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். ஒள என்று ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்திருந்தால் கண்ணுக்கு ஔகாரமாகத் தோன்றும். கணினிக்கு அவை இரண்டு தனி எழுத்துகள். துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரம் வந்திருந்தாலும் இதே நிலைதான். அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்கு உங்கள் கட்டுரை அகப்படாமல் போகக்கூடும்.

அடுத்தது இணைப்பு முகவரி. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூனிகோடின் யூ.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. இணைப்பை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது குறிகளாக விரிந்துவிடுவது வழக்கம். ஏ, ற, புள்ளி, க, துணைக்கால், ட, உகரக் குறி என ஏழு குறியீடுகள் கொண்ட "ஏற்காடு" என்ற ஒரே சொல் அப்படி 63 குறிகளாகும். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஏழு எழுத்துதான். வலைப்பூ அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு ஒதுக்கும் இடம் 200 குறிகள் என்பதால், தமிழ்த் தலைப்பு சுமார் 22 குறியீடுகளோடு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரிலோ, தமிழ்த் தலைப்பை அது முகவரியாக மாற்றாமல் வெறும் "பிளாக் போஸ்ட்" என்ற சொல்லையும் ஓர் எண்ணையும் ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் இப்படிப்பட்ட இணைப்பைப் பார்ப்பவர் அது எதைப் பற்றியது என்று ஊகிக்க வழியில்லை. ஆகவே, கட்டுரையையும் தலைப்பையும் தமிழிலேயே வைத்துக்கொண்டு, முகவரியை மட்டும் மூன்று நான்கு ஆங்கில எழுத்துச் சொற்களில் நீங்களே அமையுங்கள். இரு தளங்களிலும் அதற்கான இடம் உண்டு. வெளியிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். வெளியிட்ட பின் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் செயலற்றுப் போகக்கூடும்.

கட்டுரைக்குள் மக்கள் வழங்கும் பெயர்கள் அனைத்தும் இயல்பாக இடம்பெற வேண்டும். சேலத்தில் குச்சிக்கிழங்கு என்பதைப் பிற ஊர்க்காரர் மரவள்ளி என்று தேடுவார். வணிகர் சேகோ என்பதை இல்லத்தரசி ஜவ்வரிசி என்பார். 2023-ஆம் ஆண்டு சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அச்செய்தியைத் தேடுபவர் அந்தச் சொல்லையும் சேர்த்தே தட்டுவார். இவற்றை ஒரே பத்தியில் குவித்து வைப்பது படிப்பவருக்கு எரிச்சலைத் தரும்; அந்தந்தப் பெயர் பொருந்தும் வரியில் ஒருமுறை வந்தால் போதும்.

படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள். மலையில் அலைபேசித் தொடர்பு விட்டுவிட்டு வரும் இடத்திலிருந்து ஒருவர் உங்கள் பக்கத்தைத் திறக்கக்கூடும்.

பருவத்துக்கு முன்பே வெளியிடுதல்

ஊரைச் சார்ந்த எழுத்துக்குத் தனியான ஓர் ஆண்டுச் சுழற்சி உண்டு. மார்ச்சில் காபிப் பூ, ஏப்ரல் முதல் மாம்பழம், மே மாதத்தில் ஏற்காடு கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் சேர்வராயன் கோயில் திருவிழாவும், ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் அதையொட்டிய உள்ளூர் விடுமுறையும், நவம்பரிலிருந்து காபிப் பழப் பறிப்பு என்று அது நகர்கிறது. தேடுபொறி ஒரு புதிய பக்கத்தைக் கண்டு, மதிப்பிட்டு, மேலே கொண்டுவருவதற்குப் பல வாரங்கள்கூட ஆகலாம். கோடை விழாவைப் பற்றி விழா தொடங்கிய அன்று எழுதினால், அது மேலே வருவதற்குள் மலர்க் கண்காட்சியைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள். மார்ச் மாதத்திலேயே எழுதி வைத்துவிட வேண்டும்.

அதோடு, ஒவ்வோர் ஆண்டும் புதிய கட்டுரை எழுதாமல், ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியில் ஒரு கட்டுரையை வைத்து அதையே புதுப்பித்து வருவது மிகுந்த பயன் தரும். சென்ற ஆண்டு பிறர் பகிர்ந்த இணைப்புகளும், அக்கட்டுரை தேடலில் பெற்ற இடமும் இந்த ஆண்டுக்கும் உதவும். தேதி, கட்டணம், போக்குவரத்து மாற்றம் ஆகியவற்றை மட்டும் திருத்தி, "இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டது" என்று மேலே குறிப்பிடுங்கள். விழா நாட்களில் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரப் பாதையில் எப்படிச் செல்ல அனுமதிக்கிறார்கள், இறங்குவதற்குக் குப்பனூர் வழியைப் பயன்படுத்த வேண்டுமா, பெருமழையில் மண் சரிந்து பாதை மூடப்பட்டிருக்கிறதா என்பவை குடும்பத்தோடு வண்டியில் வருகிறவருக்கு மிக முக்கியமானவை. இதில் பழைய தகவலை விட்டுவைப்பது அவரை நடுவழியில் நிறுத்துவதற்குச் சமம். அந்த வாசகர் திரும்பி வரவும் மாட்டார்.

அச்சில் வந்ததை மீண்டும் பயன்படுத்துதல்

தனித்து எழுதுபவர்களுள் பலர், இதழில் வெளிவந்த கட்டுரை இதழுக்கே சொந்தம் என்று எண்ணி அதை மறந்துவிடுகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரே பொதுவாகத் தம் கட்டுரையின் முதல் உரிமையாளர். அந்த உரிமையைப் பிறருக்கு மாற்றித் தர எழுத்து வடிவில் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்கிறது. எனவே உங்கள் பழைய கடிதங்களையும் மின்னஞ்சல்களையும் எடுத்துப் பாருங்கள். எதிலும் கையெழுத்திடவில்லை என்றால், ஆசிரியரிடம் மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எந்த இதழில் எப்போது வந்தது என்ற குறிப்போடு வலைப்பூவில் வெளியிடலாம். இனி அனுப்பும் கட்டுரைகளின் அடியில் உங்கள் தளத்தின் பெயரையும் அச்சிடும்படி கேளுங்கள். அச்சில் படித்துவிட்டுத் தேடி வருபவர் நிலைத்து நிற்கும் வாசகராகவே பெரும்பாலும் இருப்பார்.

பகிர்தலும் தொடர்பும்

வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போவது குழுவினருக்குத் தொல்லை தரும். கட்டுரை யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். சிவதாபுரத்துப் பட்டறை ஒன்றில் கம்பி இழுப்பவர், பத்தவைப்பவர், மெருகு போடுபவர் ஆகியோரிடம் பேசி எழுதியிருந்தால், வெளிவந்த அன்றே அவர்களுக்குக் காட்டி, பிழை இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். தம் தொழிலைச் சரியாக எழுதியிருக்கும் கட்டுரையை அவர்கள் உறவினருக்கும் வணிகருக்கும் அனுப்புவார்கள். அந்த வழியாக வரும் வாசகர், விளம்பரத்தால் வருபவரைவிட நெடுநேரம் படிக்கிறார். செய்தியோடு இரண்டு வரிகளில் கட்டுரையின் சாரத்தையும் எழுதுங்கள். இணைப்போடு தோன்றும் படமும் தலைப்பும் சரியாக வருகின்றனவா என்று முதலில் உங்களுக்கே அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமூக ஊடகங்களின் விதிகள் அடிக்கடி மாறும். ஆகவே வாசகர்களின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் ஒப்புதலோடு திரட்டி, மாதம் ஒருமுறை கடிதம் அனுப்புவதை இப்போதே தொடங்கிவிடுங்கள். மின்னஞ்சல் பழக்கமில்லாதவர்களுக்கு 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனல் பொருத்தமானது. பின்தொடர்வோரை விலைக்கு வாங்கித் தருவோரிடம் பணத்தை இழக்காதீர்கள்.

கணக்கைப் பார்த்து அடுத்ததை எழுதுதல்

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்துகொண்டால், எந்தச் சொல்லைத் தேடியவருக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, அவர்களுள் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் இருந்தீர்கள் என்பவை 16 மாதங்கள் வரை தெரியும். நாள்தோறும் பார்த்து மனம் தளர வேண்டாம். மாதம் ஒருமுறை போதும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் உள்ளே வராத பக்கத்துக்குத் தலைப்பைத் தெளிவாக்க வேண்டும். எட்டிலிருந்து இருபதாவது இடம் வரை நிற்கும் பக்கத்தில் விடை அரைகுறையாக இருக்கலாம். விடுபட்டதை நேரில் போய் விசாரித்துச் சேர்க்க வேண்டும்.

இவற்றைவிட மதிப்புள்ளது, நீங்கள் எழுதாத ஒன்றைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தவர்களின் சொற்பட்டியல். காபிப் பூவைப் பற்றிய கட்டுரைக்குக் "குப்பனூர் வழி பஸ்" என்று தேடியவர்கள் வந்திருந்தால், அந்தப் பாதையைப் பற்றித் தமிழில் போதிய தகவல் இல்லை என்று கொள்ளலாம். அடுத்த வாரம் அந்தப் பேருந்தில் ஏறி, எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். எழுதியதும் காபிப் பூக் கட்டுரையில் பாதையைப் பற்றிய வரியிலிருந்து அதற்கு ஓர் இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.