எடிட்டருக்குள் ஏஐ: அந்தப் பத்து வரி ஸ்கிரிப்ட்டில் நடக்கும் தவறுகள்

சென்ற காலபோக அறுவடை நேரம், கிளிநொச்சியில் என்னிடம் பின்னேர வகுப்புக்கு வரும் ஒரு மாணவன் ஓடிவந்து, "சேர், எல்லாம் போச்சு" என்றான். தகப்பனின் நெல் கணக்குக்காக பைத்தனில் இருநூறு வரி எழுதியிருந்தான். விம் என்ற உரை எடிட்டரில் முழுக் கோப்பையும் தெரிவுசெய்து, ஆச்சரியக்குறி போட்டு, ஏஐ மாடலிடம் கேட்கும் தன் பத்து வரி ஸ்கிரிப்ட்டுக்கு, அதாவது ஒரு சிறு நிரலுக்கு, அனுப்பியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. இருநூறு வரியும் இருந்த இடத்தில், சேர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி.

விம் அப்படித்தான் வேலை செய்யும். தெரிவுசெய்த பகுதி கட்டளைக்குள் போகும். கட்டளை எதை வெளியே விடுகிறதோ அது அதே இடத்தில் வந்து உட்காரும். கட்டளைகளை இயக்கும் பாஷ் போன்ற ஷெல்களில் பிழைச் செய்தியும் சேர்ந்தே வந்துவிடும். யூ விசையை ஒருதரம் அழுத்தியிருந்தால் பழையது அப்படியே திரும்பியிருக்கும். அவன் பதறிப்போய் சேமித்து மூடிவிட்டான். மூடிய பிறகும் மீட்க வேண்டுமென்றால் மாற்றங்களின் வரலாற்றைக் கோப்பில் எழுதிவைக்கும் அன்டூஃபைல் அமைப்பை முன்னமே போட்டிருக்க வேண்டும். பிரதிகளைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் இருந்தது மூன்று நாள் பழைய பிரதி.

மாடல் அங்கே ஒரு தவறும் செய்யவில்லை. நான் கண்ட சேதங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், எடிட்டருக்கும் மாடலுக்கும் நடுவில் நாம் எழுதும் சில வரிகளில் நடக்கின்றன. அதற்காக இந்த வழியை விடச் சொல்லமாட்டேன். விமுக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், நியோவிம் எடிட்டருக்கு லூவா மொழியில் கொஞ்சம், ஈமேக்ஸ் எடிட்டருக்கு லிஸ்ப் மொழியில் கொஞ்சம் என்று தானே எழுதும் பிள்ளைக்கு உள்ளே நடப்பது தெரியும், டேட்டா எங்கே கரைகிறது என்பதும் தெரியும்.

சரி, அவனுடைய தவறுக்கு மருந்து என்ன? பதிலைப் புதிய சாளரத்தில் திறந்து, பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுங்கள். கட்டளை வெற்றியாக முடிந்ததா என்பதையும் ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது: மாடலைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் கீ பிழை என்று சேர்வரிடமிருந்து 401 வந்தாலும், அளவு மீறிக் கேட்டதால் 429 வந்தாலும், சேர்வருக்கு அனுப்பும் கருவியான கர்ல் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். ஃபெயில் என்ற தெரிவைச் சேர்த்தால்தான் தோல்வி என்று சொல்லும்.

அடுத்தது தமிழில் எழுதும் எங்களுக்கென்றே வரும் பிழை. பதில் துண்டு துண்டாக வந்து திரையில் ஓடும்போது, சில இடங்களில் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வரும். பிள்ளைகள் எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள், ஒன்றும் நடக்காது. 'வன்னி' என்ற சொல்லை எடுங்கள். வ, ன, புள்ளி, ன, இகரக் கொக்கி என்று எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோடில் ஐந்து குறிகள். அவற்றைக் கணினியில் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 15. வலையில் வரும் துண்டு ஏழாவது பைட்டோடு முடிந்தால் புள்ளி நடுவில் அறுந்துபோகும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு துண்டையும் வந்த உடனேயே எழுத்தாக மாற்ற முயன்றால் அந்தக் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. பைட்டுகளைச் சேர்த்து வைத்து, ஒரு வரி முழுதாக வந்த பிறகு மாற்றுங்கள். வரிமுறிவின் பைட் எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் வராது, ஆகவே அந்த இடத்தில் வெட்டுவது பாதுகாப்பானது.

மாடலுக்கு அனுப்பும் கேள்வி ஜேசன் என்ற வடிவத்தில் போகும்; அதைக் கையால் ஒட்டாதீர்கள். அனுப்பும் நிரலில் ஒரு மேற்கோள்குறி வந்தால் போதும், உடைந்துவிடும். அதை ஜேக்யூ என்ற கருவி கட்டட்டும்.

கீயை அமைப்புக் கோப்புக்குள் எழுதி நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அடுத்த கமிட்டில், அதாவது கிட்டில் அடுத்த தரம் சேமிக்கும்போது, அழித்தாலும் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். உடனே அந்தக் கீயை ரத்துசெய்து புதியது எடுக்க வேண்டும். அதைக் கோப்புக்கு வெளியே, ஷெல்லின் சூழல் மாறியில் வைத்தால் போதும்.

பதில் வரும்வரை எடிட்டர் உறைந்து நிற்கிறதா? விம் 2016இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தே வேலையைப் பின்னணியில் விட முடியும். கூடவே காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு எல்லை போடுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கோடு சிக்னலோடு இருப்பவருக்கு இது கட்டாயம்.

கடைசியாக, என் மனதுக்கு மிகவும் பாரமானது. அந்த நெல் கணக்குக் கோப்புக்குள் சோதித்துப் பார்ப்பதற்கென்று அயலவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தன. ஒவ்வொரு தரம் அனுப்பியபோதும் அவையும் சேர்ந்து எங்கேயோ ஒரு சேர்வருக்குப் போயிருக்கின்றன. பதிவு, பதிவு என்று எத்தனையோ தரம் தங்கள் விபரத்தை எழுதிக் கொடுத்துக் களைத்த சனம் இது. அவர்களைக் கேளாமல் நாம் அனுப்பக் கூடாது. பழைய அட்டை ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது பன்னிரண்டு இலக்கம். அனுப்புமுன் இரண்டையும் மறைக்க செட் (sed) என்ற உரை மாற்றும் கருவியில் ஒரு வரிக் கட்டளை போதும். பெயர்களை அப்படிப் பிடிக்க முடியாது. அதனால் இப்போது வகுப்பில், கற்பனைப் பெயர்களோடு ஒரு மாதிரிக் கோப்பைத் தயாரித்த பிறகுதான் ஸ்கிரிப்ட்டைத் தொட விடுகிறேன்.