கடைச் செயலியிடம் உள்ள உங்கள் தகவல்களைக் கேட்டுப் பெறலாம்

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் மளிகை வாங்கிப் பணம் செலுத்தும்போது, இரண்டு வெள்ளித் தள்ளுபடிக்காக உறுப்பினர் செயலியில் பெயர், கைத்தொலைபேசி எண், பிறந்த தேதி ஆகியவற்றை நிரப்பிவிட்டு நாம் மறந்துவிடுகிறோம், கடை மறப்பதில்லை. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களையும், முந்தைய ஓராண்டில் அவை எவ்வாறு பயன்படுத்தப்பட்டன, வெளியாருக்கு அளிக்கப்பட்டனவா என்பதையும் நீங்கள் கேட்கலாம். சில விதிவிலக்குகள் உண்டு. செயலியின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில், பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், தகவல் பாதுகாப்பு அதிகாரியைத் தொடர்புகொள்ளும் விவரம் இருக்கும். அவருக்கு, “என் தகவல்களின் நகலை அனுப்புங்கள்; விளம்பரத்துக்காக அளித்த சம்மதத்தை மீட்டுக்கொள்கிறேன்” என்று இரண்டு வரி எழுதினால் போதும். நகலுக்கு நியாயமான கட்டணம் கேட்கக்கூடும். சம்மதத்தை மீட்பதற்குத் தடை சொல்ல முடியாது.

குலுக்கல் சீட்டில் அடையாள அட்டை எண் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். சட்டம் கோரினாலோ, அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது. அரசாங்க அமைப்புகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவற்றுக்குத் தனி விதிகள் உள்ளன.