உமிழ்நீர்: அதன் வேலையைக் கெடுக்கும் சில பழக்கங்கள்

உமிழ்நீரில் 99 சதவீதம் தண்ணீர்தான். விஷயமெல்லாம் மீதியில்தான் இருக்கிறது: மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், கிருமிகளைத் தாக்கும் லைசோசைம், அமிலத்தை அடக்கும் பைகார்பனேட், பல்லுக்கு வேண்டிய கால்சியம், பாஸ்பேட். இவற்றுக்கு வேலை செய்ய நேரம் கொடுக்காததுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

சர்க்கரை போட்ட காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதியம் வரை ஒவ்வொரு வாயாகக் குடிப்பவர்கள் உண்டு. இனிப்பு பட்ட சில நிமிடங்களிலேயே பல்லில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை அமிலமாக்கிவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால், பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தை அடக்கி, இழந்த தாதுக்களைப் பல்லில் திரும்பச் சேர்க்க ஆரம்பிக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் அடுத்த வாய் உள்ளே போய்விடும். குடிப்பதென்றால் ஒரேயடியாகக் குடித்து முடிப்பது மேல்.

புளிப்பான பானம் குடித்ததும், வாந்தி எடுத்ததும் உடனே பல் துலக்காதீர்கள். எனாமல் இளகியிருக்கும் நேரம் அது. தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். இரவில் துலக்காமல் படுப்பதும் தவறு. தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகத்தான் சுரக்கும்.

வாய் வறண்டால் சிலர் மிட்டாயைச் சப்புவார்கள். உமிழ்நீர் குறைந்த வாயில் சர்க்கரை வேறா? சர்க்கரையில்லாத சூயிங் கம் மெல்லலாம். வறட்சி நீடித்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல், சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். ஒவ்வாமை, மனச்சோர்வு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் பல வாயை உலர்த்தும். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காயத்தில் எச்சில் தடவுவது வேண்டாம். கிருமியைக் கொல்லும் பொருள்கள் அதில் இருப்பது உண்மைதான், ஆனால் வாயிலுள்ள பாக்டீரியாவும் கூடவே போகும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

எச்சில் கைகொடுக்கும் இடம் வேறு. அடிபட்டு நிலைப்பல் விழுந்துவிட்டால் அதைத் தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றி வைப்பார்கள் சிலர். அது தவறு. வேர் காய்ந்தால் பல் திரும்ப ஒட்டுவது கஷ்டம். வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போடுங்கள். பால் கிடைக்காவிட்டால், அடிபட்டவரின் உமிழ்நீரையே ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லி, அதில் பல்லைப் போட்டு உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள்.